வோல்டேஜ் இறங்கும் நேரத்துப் பாட்டு

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு கேசட் இருக்கிறது. பெட்டியின் மூடி உடைந்துவிட்டது, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். அட்டையில் நான்கு பையன்கள் திருவனந்தபுரம் கரமனைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள். நாலு பேருக்கும் கூலிங் கிளாஸ், அதில் இரண்டு இரவல். நாலு பேர் முகத்திலும் இந்த ஊரே தங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது போல ஒரு மிதப்பு. பின்னால், ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு படியேறி வருகிற ஒரு மாமா தெரிகிறார். தான் ஓர் ஆங்கில பாப் ஆல்பத்தின் அட்டையில் இருக்கிறோம் என்று கடைசி வரை அவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்குக்கூட அந்த அட்டையில் இடம் கிடைத்தது. என் அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாயில் கசப்பு ஊறும், உள்ளே இருக்கிற பாட்டுகளை நினைத்தால் கை தானாகத் தாளம் போடும். இரண்டும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கின்றன.

அந்த ஆல்பத்தைப் போல் எனக்குப் பிடித்தது இன்னொன்று இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொறாமையில் எழுதுகிறாள் என்பார்கள். பவர் பாப் என்று அந்த வகைக்குப் பெயர். கிட்டார் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர வேண்டும். ஆனால் அதன் மேல் போகிற மெட்டு, பால் ஊற்ற வந்தவர் வாசலில் ஒருதரம் கேட்டுவிட்டு அடுத்த தெரு போவதற்குள் சீட்டியடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட வேண்டும். பல்லவி வந்தால் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்து எழும்ப வேண்டும், நடுவில் கைதட்டல் இருந்தால் விசேஷம். எவ்வளவு பெரிய துக்கமானாலும் துள்ளிக்கொண்டுதான் பாட வேண்டும், மூக்கைச் சிந்தக்கூடாது. இந்த இலக்கணம் எல்லாம் அந்தக் கேசட்டில் அட்சரம் பிசகாமல் இருந்தது. பாட்டின் வார்த்தைகள்தான் சகிக்காது. பாடிக்கொண்டே கிட்டார் வாசித்தவர் எங்கள் பக்கத்துத் தெருக்காரர், எனக்கு அண்ணா முறை. இங்கே அவரைக் கிட்டார்க்காரர் என்றே சொல்கிறேன். அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்த மனிதர், பனி கொட்டுவதைப் பற்றியும் நெடுஞ்சாலையில் காரை விரட்டிக்கொண்டு போவதைப் பற்றியும் ஆங்கிலத்தில் உருகுவார். அவரிடம் இருந்தது ஒரு சைக்கிள்.

ஒரே ஒரு பாட்டு மட்டும் நம் ஊர்ப் பாட்டு. முதல் பக்கத்தில் மூன்றாவதாக வரும். அந்தப் பாட்டுக்கு யோசனை சொன்னது அக்கா. கல்லூரியிலிருந்து பொன்முடி மலைக்கு பஸ்ஸில் போனபோது கொண்டையூசி வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து நொந்துபோனவள் அவள். ஒரு பையனும் ஒரு பெண்ணும் பொன்முடிக்கு பஸ் ஏறுகிறார்கள். அவன் மேலே போனால் எப்படியிருக்கும், மேகம் எப்படியிருக்கும் என்று பாடிக்கொண்டே வருகிறான். மலையேற்றம் தொடங்குமுன் வருகிற வித்துரா சந்தை வந்ததும் அவள் எழுந்துவிடுகிறாள். நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்று அவள் சொல்வதோடு பாட்டு முடிகிறது. அவ்வளவுதான் கதை. அந்தக் கடைசி வரி வரும்போது கிட்டார் நின்றுவிடும், ட்ரம்ஸ் நின்றுவிடும், கிட்டார்க்காரரின் குரலும் நின்றுவிடும். அக்கா ஒருத்தி மட்டும் பாடுவாள். உடனே காதலா என்று கேட்காதீர்கள். அவளுக்கும் அவருக்கும் அப்படி ஒன்றும் கிடையாது. அவளுக்குக் காதல் இருந்ததெல்லாம் அந்த இரண்டாவது குரலின் மேல்தான். கல்லூரியின் கொயர் பாடகர் குழுவில் சேர்ந்து, ஒருவர் பாடும் மெட்டுக்கு மேலே இன்னொரு மெட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே போகிற வித்தையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் கேட்டிராத சங்கதி. கேசட்டைப் போட்டுக் காட்டியதும் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். “ஏண்டி, அவன் ஒண்ணு பாடறான், நீ ஒண்ணு பாடறே. ரெண்டு பேருக்கும் சேர்ந்து பாடத் தெரியலைன்னா பேசாம ஒருத்தர் பாடிருக்கலாமே?”

பதிவு நடந்தது கிட்டார்க்காரர் வீட்டு மாடியறையில். வளைகுடாவிலிருந்து அவருடைய சித்தப்பா கொண்டுவந்த டூ-இன்-ஒன் ரேடியோ கேசட் பெட்டியை நடுவில் ஒரு ஸ்டூலில் வைத்து, எல்லோரும் சுற்றி நின்று ஒரே மூச்சில் வாசிப்போம். ஒருவர் தப்பு விட்டால் முதலிலிருந்து. அந்த வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது ட்ரம்ஸைத் தொட முடியாது. அவர்கள் மொத்தமாக வீட்டைவிட்டுக் கிளம்புவது சாயங்காலம் கோவிலில் தீபாராதனைக்குத்தான். விளக்கு வைத்ததும் போவார்கள், நடை சாத்திய பிறகுதான் வருவார்கள். எங்களுக்குக் கிடைத்த நேரம் அது மட்டும். நகரம் முழுக்க ஒரே சமயத்தில் விளக்குப் போடுகிற நேரமும் அதுதான். அப்போதெல்லாம் திருவனந்தபுரத்தில் சாயங்காலமானால் வோல்டேஜ் படுத்துவிடும். பல்பு உள்ளே கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும், மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம். டூ-இன்-ஒன் மோட்டார் மட்டும் மந்தமாகாமல் இருக்குமா? நாடா மெதுவாக ஓடிக்கொண்டு பதிவு செய்தது. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மறுநாள் காலையில் முழு வோல்டேஜில் போட்டுக் கேட்டால், பாட்டெல்லாம் வாலில் தீ வைத்தது போல ஓடின. கிட்டார்க்காரரின் கனத்த குரல் பள்ளிக்கூடப் பையன் குரலாகியிருந்தது. அக்காவின் குரல் பாவாடை கட்டிய சின்னப் பெண் குரலாகியிருந்தது. எதிரொலிக்காக மாடியறையை ஒட்டிய குளியலறையில் நின்று நான் கை சிவக்கத் தட்டிய தட்டல், கடலை வறுபடுகிற மாதிரி படபடவென்று கேட்டது. முதலில் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவை கேட்டபோது, அட, இதுதானே நன்றாக இருக்கிறது என்று ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, எங்கள் தெருக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த வேடிக்கை. காலையில் போட்டால் கேசட் தலைதெறிக்க ஓடும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கியதும் போட்டால், பதிவான அதே மந்த வேகத்தில் ஓடும், குரல்கள் எல்லாம் தங்கள் சொந்த இடத்துக்கு இறங்கிவந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே எங்களுக்கு அது இரண்டு ஆல்பம். காலம்பறப் பாட்டு என்றும் சாயங்காலப் பாட்டு என்றும் அக்கா பெயர் வைத்திருந்தாள். காலம்பறப் பாட்டு கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்துக்கு. சாயங்காலப் பாட்டில்தான் அக்கா என் அக்காவாக இருந்தாள். சற்றே அடர்த்தியான, ஓரத்தில் லேசாகச் சொரசொரக்கிற, யாரையும் கொஞ்சாத குரல். நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்று அந்தக் குரல் சொன்னால், பஸ் நின்றுதான் ஆக வேண்டும்.

கேசட் பிரதி போட்டு ஸ்டாச்யூ ஜங்ஷன் பக்கத்துக் கடையில் விற்பனைக்கு வைத்தபோது அக்காவின் பெயர் அட்டையில் இல்லை. கிட்டார்க்காரர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியை ஊதி ஊதிக் குடித்தபடி அதற்குக் காரணம் சொன்னார். “மாமி, பொண் பார்க்க வர்றவா கையில இது கிடைச்சா என்ன நெனப்பா? அவ நல்லதுக்குத்தான் சொல்றேன், கேட்டேளா.” அம்மாவுக்கு அவர் கண்கண்ட தெய்வமாகிவிட்டார். அக்கா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் அதோடு விட்டிருந்தால்கூட, சரி, அந்தக் காலம் அப்படி என்று நானும் விட்டிருப்பேன். மேல்குரல் பாடுவது யார் என்று கேட்டவர்களிடம் அவர் ஒரு கதை கட்டினார். அதுவும் நான்தான், ரெக்கார்டிங் சமயம் வோல்டேஜ் குறைவு, அதனால் என் குரலே பெண் குரல் மாதிரி ஏறிவிட்டது என்று. கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முழுப் பொய்யைவிட இப்படிப் பாதி நிஜத்தில் ஊறவைத்த பொய் இருக்கிறதே, அதன் வாடையே எனக்குக் குமட்டும். வருஷம் போகப் போக அந்தக் கதை அவருடைய கல்யாணத்தில், அவருடைய ஃப்ளாட் வியாபாரத் திறப்பு விழாக்களில், பேட்டிகளில் எல்லாம் நன்றாகக் கொழுத்துக்கொண்டே வந்தது.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது, கணக்கு டீச்சர் ஆனாள். வகுப்பில் அவள் ஒரு அதட்டுப் போட்டால் வராந்தா முழுக்க அடங்கும் என்பார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் தைராய்டு ஆபரேஷன். அந்த ஆபரேஷனில் சிலருக்கு அப்படி ஆகுமாம், குரல் போய்விட்டது. ஊமையாகவில்லை. ஒரு கரகரத்த காற்று மட்டும் மிஞ்சியது. பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும், இரண்டடி தள்ளினால் கேட்காது. வேலையை விட்டுவிட்டாள். ஆட்டோவைக் கூப்பிடுவதும் நான், காய்கறிக் கடையில் பேரம் பேசுவதும் நான். கரமனையிலேயே ஒரே கட்டிடத்தில் மாடியில் அவள், கீழே நான். போனில் அவள் பேசினால் எதிர்முனையில் இருப்பவர்கள் லைன் கிடைக்கவில்லை என்று வைத்துவிடுவார்கள். அவளுடைய குரல் இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே இடம் அந்தக் கேசட்தான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இந்த நிலைமையில்தான் எங்கோ வெளிநாட்டில் ஒரு பாட்டுப் பிரியர் அந்தக் கேசட்டின் ஒரு பிரதியைக் கண்டெடுத்து இணையத்தில் எழுதினார். யாருக்கும் தெரியாமல் கிடந்த அற்புதம் என்று பக்கம் பக்கமாகப் புகழ்ந்திருந்தார். மூன்றாவது பாட்டின் கடைசி வரியைப் பாடும் பெண் யார், அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்றும் கேட்டிருந்தார். அக்கா அதைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தாள். கீழே கிட்டார்க்காரரின் பதில் இருந்தது. பெண் யாரும் இல்லை நண்பரே, அது நான்தான், வோல்டேஜ் கதையைச் சொல்கிறேன் கேளுங்கள் என்று, சிரிக்கிற பொம்மை முகங்கள் ஒரு வரிசை போட்டு. அய்யே! இந்த வயதிலும் ஒரு மனிதருக்கு நாணமில்லாமல் போகுமா?

அதை ஒட்டி ஆல்பத்தை எல்பி ரெக்கார்டாகப் புதிதாக வெளியிட ஏற்பாடாயிற்று. அவர் வீட்டிலிருந்த கேசட்டுகளைப் பூஞ்சை தின்றுவிட்டிருந்ததால், ஒரு பாக்கெட் நேந்திரங்காய் வறுவலோடு என் வீட்டுக்கு வந்து என் கேசட்டைக் கேட்டார். எல்லாம் க்ளியராக வரும், நேரில் பாடுகிற மாதிரி இருக்கும் என்றார். அக்காவின் குரல் க்ளியராக வருமே என்றுதான் கொடுத்தேன். அக்காவும் ஆசைப்பட்டாள். பெயர் வேண்டாம்டி, சத்தம் நன்னா வந்தாப் போறும் என்று என் காதுக்கருகில் வந்து சொன்னாள். பிரதி எடுத்த பிறகு கேசட் பத்திரமாகத் திரும்பி வந்தது.

வெளியீடு கவடியார் பக்கம் ஒரு ஹோட்டலில், ஒரு மாலை. உள்ளே நுழைந்ததும் ஐஸ்பெட்டிக் குளிர். பெயின்ட் வாசனையும் செண்டு வாசனையும் கலந்து அடித்தன. கிட்டார்க்காரர் தலைக்கு மை அடித்து, மிச்சமிருந்த முடியைப் பின்னால் குடுமியாகக் கட்டியிருந்தார். தொகுத்து வழங்கிய பெண் அவரை லெஜண்ட், லெஜண்ட் என்று மூச்சுக்கு மூச்சு சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவர் அடக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் பழைய அண்டைவீட்டுக்காரர்கள் என்ற கணக்கில் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா, கல்யாணங்களுக்குப் போகும்போது கட்டுகிற பட்டுப்புடவை கட்டியிருந்தாள். மேடையில் அவர் வோல்டேஜ் கதையை முழுதாகச் சொல்லி முடித்து, இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது, என் குரலை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றார். சபை சிரித்தது. ஊசியை வைத்தார்கள்.

முதல் பாட்டிலேயே எனக்கு ஏதோ போல இருந்தது. வேகத்தை இறக்கியிருந்தார்கள். அது பரவாயில்லை, அது சாயங்காலப் பாட்டுதானே. கைதட்டலைத் துடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள். அதுவும் போகட்டும், என் கைதானே. ஆனால் பல்லவியில் மேலே எழும்ப வேண்டிய குரல் எழும்பவில்லை. மூன்றாவது பாட்டு வந்தது. பஸ் வித்துரா வந்து சேர்ந்தது, கிட்டார் நின்றது, ட்ரம்ஸ் நின்றது. அந்த ஒற்றை வரி வந்தது. ஆண் குரலில்! அக்காவின் குரலைத் தனியாகப் பிரித்தெடுத்து, அது அவருடைய குரல்தான் என்று அவர் சொன்னதை நம்பி, அவர் குரல் அளவுக்கு வரும்வரை கீழே இறக்கியிருக்கிறார்கள். வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசுகிற மாதிரி, வழவழவென்று, தடித்து, சதையும் எலும்பும் இல்லாத ஒரு குரல். மேலே போகிறேன் என்று துள்ளுகிறவனும் அவர்தான், இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்கிறவளும் அவர்தான். பாட்டுக்கு அர்த்தமே போய்விட்டதே என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள்.  எனக்கு அக்காவின் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்லெட் வைத்திருந்த மேஜையருகே அவரைப் பிடித்தேன். வாயோரம் சாஸ் ஒட்டியிருந்தது.

“அண்ணா, ஒரே மெஷின், ஒரே நேரம், எல்லாரும் சுத்தி நின்னு பாடினது. நானும் அங்கதான் இருந்தேன். உங்க கீழ்க்குரல் கொஞ்சமா ஏறி, மேல்குரல் மட்டும் பொம்மனாட்டி குரலா ஏறுமா?”

“எடீ, அதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம். சொன்னா உனக்கு மனசிலாகாது.”

“எனக்கு நன்னா மனசிலாறது. அது யார் பாடினதுன்னு உங்களுக்கும் மனசிலாகும்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “இத்தனை வருஷமா ஒண்ணைச் சொல்லிண்டு வந்தாச்சு. இனிமே மாத்திச் சொன்னா நன்னாவா இருக்கும்? பாரு, உங்க அக்காவே ஒண்ணும் சொல்லலையே.”

அதைச் சொல்லிவிட்டு இன்னொரு கட்லெட்டை எடுத்தார். சாப்பிட்டார். அந்த மெல்லுகிற தாடையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. “ஓ பின்னே! சொல்றதுக்கு அவளுக்குத் தொண்டை எங்கே இருக்கு? இருந்ததையும்தான் எடுத்துண்டேளே!” என்று நான் கத்தியது அந்த ஹால் முழுக்கக் கேட்டிருக்கும். கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தேனா, எறிந்தேனா, தெரியாது. அக்கா வந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் ஒரு பெண் ஆளுக்கொரு ரெக்கார்டு என்று பையில் போட்டுக் கொடுத்தாள். வாங்காமல் வந்திருக்க வேண்டும். அக்கா வாங்கிக்கொண்டாள்.

ஆட்டோவில் போகும்போது அக்கா என் காதில் சொன்னாள். “என்னைக் கொண்டுபோய் ஆம்பளையாக்கிட்டானேடி.” தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். பிறகு பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கும் சத்தம் கிடையாது. கரமனை வரைக்கும் ஆட்டோக்காரர் ரேடியோவில் எதையோ கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காபி குடித்த கையோடு அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து கேசட்டைக் கேட்டாள். என் பழைய வாக்மேனைத் தேடி எடுத்து, கடையிலிருந்து புது பேட்டரி வாங்கிவந்து போட்டேன். இயர்போனில் ஒன்று அவள் காதில், ஒன்று என் காதில். பொன்முடி பாட்டு கிளம்பியது, படபடவென்று, கீச்சென்று. அக்கா உதட்டைப் பிதுக்கினாள். “இது காலம்பறப் பாட்டு.” அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது ஊரில் சாயங்காலமும் வோல்டேஜ் இறங்குவதில்லை. சாயங்காலப் பாட்டு ஊரைவிட்டே போய்விட்டது, அதை நான் கவனிக்கக்கூட இல்லை. அக்கா எழுந்து கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினாள். ஒரு வாரமாகவே அது பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு பேட்டரி. தட்டினால்தான் வேலை செய்கிற டிவி ரிமோட்டிலிருந்து இன்னொன்று. புதுசைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சாகக் கிடக்கிற அந்த இரண்டையும் வாக்மேனில் அடைத்தாள்.

நாடா திணறி, மெல்ல, பழைய மந்தத்தில் ஓட ஆரம்பித்தது. குரல்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. என் இடது காதில் அக்கா பாடினாள், அந்தச் சொரசொரப்போடு, கொஞ்சாமல். வலது காது திறந்திருந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா பாட ஆரம்பித்தாள். மேலே எழும்ப அவளுக்குக் குரல் இல்லை. அதனால் கீழ்க்குரலைப் பிடித்துக்கொண்டாள். கிட்டார்க்காரர் பாடிய பங்கு, மேலே போகிறேன் என்கிற பையனின் பாட்டு, அதை அந்தக் கரகரத்த காற்றால் தாளம் தப்பாமல் பாடிக்கொண்டு போனாள். குளியலறைக்குப் போகாமலே நான் கைதட்டினேன். வித்துரா வந்தது. அக்கா பாட்டை நிறுத்திக்கொண்டாள். என் இடது காதில், வேறு எந்தக் குரலும் கூட இல்லாமல், அவளே தனியாகச் சொன்னாள், இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்று.

அடுத்த பாட்டு பாதியில் இழுத்து இழுத்து, பேட்டரி தீர்ந்து நின்றுவிட்டது. அவர்கள் கொடுத்த ரெக்கார்டு அதன் அட்டையோடு இப்போது என் சமையலறையில் தோசைமாவுப் பாத்திரத்துக்கு மூடியாக இருக்கிறது. அளவு சரியாகப் பொருந்துகிறது. புளித்த மாவு பொங்கி அட்டைப்படத்துக் கிட்டார்க்காரரின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம் துடைக்காமல் விட்டுவிடுகிறேன். அன்று பாட்டு நின்றதும் கேசட்டை ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் வைக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

“வேற பேட்டரி இருக்கா? பழசா பாரு.”